ஸ்டூல் இருந்த இடம்

பாப்பா,

எழுந்ததும் எந்த சுவிட்சையும் போடாதே. மெயினை அணைத்து வைத்திருக்கிறேன். பிரிட்ஜ் ஓடாது என்பதால் பாலைக் காய்ச்சிவிட்டேன். சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. காலையிலேயே எலெக்ட்ரீஷியன் வருவார். கூடத்துக் கதவோரம் தடுப்புக் கட்டை பொருத்த நேற்று நான் துளை போட்ட டைல்ஸைக் காட்டு. அதுவரை அந்தப் பக்கம் போகாதே.

உன் அம்மா அங்கே எதற்கு ஸ்டூலைப் போட்டு வைத்திருந்தாள் என்று இப்போதுதான் புரிகிறது. தரை போட்டபோது கூடவே நின்று பார்த்தவள் அவள்தான். அடியில் வயர் எந்த வழியாகப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். என்னிடமும் சொல்லியிருப்பாள், நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன். "கால்ல இடிச்சா இடிக்கட்டும், அது அங்கயே இருக்கணும்" என்பாள். அவள் கண்ணை மூடிய வாரமே அதை மாடிக்குத் தூக்கிப் போனவன் நான்.

நேற்று நீ, "அப்பா, அங்க டிரில் போடாதீங்க, அம்மா சும்மா வெச்சிருக்க மாட்டாங்க" என்றாய். "உங்கம்மா என்ன இன்ஜினியரா?" என்று கேட்டேன். தீப்பொறி பறந்தபோது என்னை இழுத்துத் தள்ளியதும் நீதான். அதற்குப் பிறகும் ஒரு வார்த்தை பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டேன். உன் முகத்தைப் பார்க்கக் கூசியது. இன்னும் கூசுகிறது. அதனால்தான் நீ எழுவதற்குள் கிளம்புகிறேன்.

அப்பா

புது வயரைப் பைப்புக்குள் விட்டுப் பதிக்கச் சொல். மூடுவதற்கு முன் போனில் படம் எடுத்து வை.

ஸ்டூலை மாடியிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் பழைய இடத்திலேயே போட்டுவிடு. சாயங்காலம் வந்து நான் இடித்துக்கொள்கிறேன்.