எரித்துவிட்டு எழுப்பாத காமன்

ஒக்டோபர் 12, திங்கள்
விடியற்காலையிலிருந்து மழை. பலாங்கொடை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. குடை ஓட்டை, தைக்கணும்.

ஸ்டூடியோவை மூடுகிறார்கள். முதலாளி ரியாஸ் நானா தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். "பார்ட் டூவும் இல்ல, த்ரீயும் இல்ல தங்கச்சி. ஒரு படத்தோட சரி." மேல்மாடியில் நாலு கம்ப்யூட்டர், ஒரே ஒரு கார்ட்டூன் படம், அவ்வளவுதான் எங்கள் ஆயுசு. மூன்றாம் பாகத்துக்கு யானை வரைந்து வைத்திருந்தேன். நல்ல யானை.

வேலை போனது கிடக்கட்டும். அக்காவிடம் எப்படிச் சொல்வது? முதல் பாகம் சிவன் காமனை எரிப்பதோடு முடியும். எழுப்புவது இரண்டாம் பாகத்தில். காமனுக்குக் குரல் கொடுத்தது அக்கா வீட்டுக்காரர், மாமா. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து ஆடி எரித்தால் மூன்றாம் நாள் எழுப்பியே ஆகணும். பாதியில் விட்டால் வேஷம் கட்டினவனுக்கு ஆகாது. நானாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்.

13, செவ்வாய்
சொல்லிவிட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்த அக்கா அப்படியே நின்றாள். அவளுக்கு ஏழு மாதம்.

"எரிச்சிட்டு அப்படியே போட்டுட்டாங்களா?"

மாமா சிரித்தார். "கார்ட்டூனுக்கெல்லாம் சாமி குத்தம் வராதுடி."

"குழிக்குள்ள எறங்குற ஆளு நீங்க. சிரிக்காதீங்க."

மாமாவுக்கு மாணிக்கக் குழியில் வேலை. அதுவும் இந்த மழையில். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் சோறு இறங்கவில்லை.

15, வியாழன்
வாங்க: பென்சில், அக்காவுக்கு மாத்திரை, போனுக்கு ரீலோட்.

எழுப்புகிற காட்சியை மட்டும் சும்மா செய்து தருகிறேன் என்று நானாவிடம் கெஞ்சினேன். "கம்ப்யூட்டர வித்தாச்சு தங்கச்சி. நாளைக்கு வந்து தூக்குவாங்க." கோபத்தில் கத்த வாயைத் திறந்தேன். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. வந்துவிட்டேன்.

அக்கா கூத்து வாத்தியாரிடம் போயிருக்கிறாள், இப்பவே எழுப்பித் தாங்க என்று. "படத்துல எரிஞ்சவன படத்துலதான் எழுப்பணும் புள்ள" என்றாராம். என்னை வசமாக மாட்டிவிட்டார் மனுஷன்.

16, வெள்ளி
மழை. கையாலேயே வரைகிறேன். ஒவ்வொரு தாளாக போனில் படம் பிடித்து ஓட்டினால் போதும். சாம்பல், விரல், கண். விரல்தான் வரமாட்டேன் என்கிறது. கிழித்துக் கிழித்துப் போட்டேன்.

பக்கத்து லயத்து வீட்டில் யாரோ: "அந்தப் புள்ளைக்கு வேல போன கவல, கிறுக்கிக்கிட்டே கெடக்கு."

மாமா வேலைக்குக் கட்டிப்போகும் சாரத்தில் இந்த வாரம் சேறே இல்லை. மழையிலேயே கழுவிக்கொண்டு வருகிறார் போல.

18, ஞாயிறு
முடிந்தது! ரதியாக அக்கா குரல். பாட வரவில்லை அவளுக்கு. "எந்திரிங்க, எந்திரிச்சு வாங்க" என்று சும்மா கூப்பிட்டாள், அதுவே போதும். மாமா "வந்துட்டேன்" என்று சொல்லணும். ஒரு சொல். அதற்கே நாலு தடவை எடுக்க வேண்டியிருந்தது.

ஓட்டினோம். சாம்பல் அசைந்தது, விரல் மடங்கியது, கண் திறந்தது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமா, "என் மூக்கு இவ்ளோ பெருசா?" என்றார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"நீ வந்து சொன்ன நாள்லருந்து நான் குழியில எறங்கல. பஸ் ஸ்டாண்டுல உக்காந்துட்டு உக்காந்துட்டு வர்றேன். கால் வரல."

சிரித்த ஆள்!

அக்கா அவர் முதுகில் ரெண்டு போட்டாள். அப்புறம் ரொட்டி சுட்டாள். எல்லோரும் சாப்பிட்டோம். எனக்கு ஒரே பெருமை.

19, திங்கள்
விடியும்போதே மாமா கிளம்பிவிட்டார். விசில் அடித்துக்கொண்டு.

"இனி எனக்கென்ன பயம். அதான் எழுப்பிட்டியே."

அக்கா சோறு கட்டிக் கொடுத்தாள், சிரித்துக்கொண்டே. எத்தனை நாளாயிற்று அவள் சிரித்து.

மழை இன்னும் விடவில்லை. ராத்திரியெல்லாம் மெஷின் போட்டும் குழியில் தண்ணீர் வற்றவில்லையாம், கடையில் பேசிக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டில் நனையாமல் உட்கார்ந்திருந்த மனுஷன். நான்தான் எழுப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஏன்டி சாப்பிடல என்று அக்கா கேட்கிறாள். வயிறு சரியில்லை என்றேன். மாமா திரும்பி வருகிற பின்னேர பஸ் இன்னும் வரவில்லை.