டிசம்பர் பூ இருந்த தொட்டி

27 அக்டோபர் 2024, ஞாயிறு
ஓய்வுபெற்று நாற்பது நாள். பம்பாய் செம்பூரில் இரண்டாவது மாடிக்காரனுக்கும் விவசாயம் சாத்தியம், ஜன்னல் கிரில் போதும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். அவருக்கு இரண்டு ஏக்கர் இருப்பது கடைசியில்தான் தெரிந்தது. ஜப்பானியச் சாலட் கீரை விதை வரவழைத்திருக்கிறேன்: மிசுனா, ஷுங்கிகு. இரண்டையும் பச்சையாகத் தின்னலாம். அடுப்பைத் தொடாமலே சமையல்காரன் ஆகிவிடலாம்.

28 அக்டோபர்
கிரிலில் மூன்று தொட்டி. ஏதோ செடி. மார்ச்சிலிருந்து பார்க்கிறேன், ஒரு பூ இல்லை. அலுவலகமாக இருந்தால் விளக்கம் கேட்டிருப்பேன். என் மனைவி விஜயலட்சுமி கோயிலுக்குப் போன நேரத்தில் பிடுங்கிவிட்டு விதைத்தேன்.

அதே நாள், மாலை
அது டிசம்பர் பூவாம். தென்காசியிலிருந்து ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த நாற்றாம். "இன்னும் நாலு வாரத்துல மொட்டு வச்சிருக்கும்" என்றாள். அதோடு பேச்சு நின்றது. பெயரை முன்பே சொல்லியிருந்தால், காலண்டர் பார்க்கத் தெரியாதவனா நான்?

5 நவம்பர்
முளைத்திருக்கிறது! சொல்லத்தான் ஆளில்லை. வேலைக்கு வரும் மெஹராஜ்தான் இப்போது எங்கள் தூதரகம். "அண்ணே, சாயா ஆறுதாம், அக்கா சொல்லுது." அக்கா மூன்றடி தள்ளி நிற்கிறாள்.

30 நவம்பர்
மிசுனா முழுவதையும் புறா தின்றுவிட்டது. பச்சையாகத்தான் தின்றது. முறை தெரிந்த பறவை.

8 டிசம்பர், ஞாயிறு
கிங்ஸ் சர்க்கிள் முழுக்க டிசம்பர் பூ கேட்டு அலைந்தேன். "அது வீட்ல வளக்குற பூ சார், கடைல யாரு விப்பா?" என்றார் பூக்கடை பிச்சையா. வீட்டில் வளர்ந்ததுதான் என்று சொல்லிக்கொள்ளவில்லை. முல்லை வாங்கிவந்தேன். சாமி படத்துக்குப் போனது. தலைக்குப் போகவில்லை.

15 டிசம்பர்
மிசுனா தொட்டியிலும் ஷுங்கிகு விதைத்தாயிற்று. முதல் ஷுங்கிகு சாலட்: எலுமிச்சை, வறுத்த எள். கசப்பு. மெஹராஜ் ஒரு வாய் தின்றுவிட்டுக் கேட்டாள்: "டாக்டர் எழுதிக் குடுத்தாரா அண்ணே?" சமையலறையில் யாரோ சிரித்த மாதிரி இருந்தது. குக்கராகவும் இருக்கலாம்.

12 ஜனவரி 2025
பம்பாய் வெயிலில் ஷுங்கிகு தண்டு நீண்டு மொட்டு வைக்கிறது. பூக்க விட்டால் கீரை வீண் என்கிறது விதைப் பொட்டலம். கத்தரிக்கோலோடு போனேன்.
"அண்ணே, மொட்டத் தொடக்கூடாதாம்."
கத்தரிக்கோலை வைத்துவிட்டேன். கீரைக்காரனாக என் வாழ்வு இன்றோடு முடிந்தது.

24 ஜனவரி, வெள்ளி
மூன்று மஞ்சள் பூ. நம் சாமந்திக்குச் சொந்தம்தான், இளைத்துப்போன சொந்தம். குளித்துவிட்டு வந்தால் இரண்டு சாமி படத்தில். மூன்றாவது? தோசை சுட்டுக்கொண்டிருந்தவளின் கொண்டையில்.
"என்ன பாக்கீங்க? தங்கச்சி மாசில வாரா, டிசம்பர் பூ நாத்து கொண்டாருவா. ஒரு தொட்டியக் காலி பண்ணி வைங்க. ஒண்ணுதான். மத்த ரெண்டும் இருக்கட்டும்."
மெஹராஜ் இன்று லீவு. வேறு வழியில்லாமல் பேசியிருப்பாள் — அப்படித்தானே?

25 ஜனவரி
மெஹராஜ் வந்துவிட்டாள்.
"சாயா ஆறுது."
சொன்னது மெஹராஜ் இல்லை.