நனைந்துபோன படம்

அன்பு மகளுக்கு,

அப்பா நலம், மானம் மட்டும் கொஞ்சம் நலமில்லை. நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

நான் காவல் நிற்கும் ஓவியக் கூடத்துக்குப் போன வாரம் ஒரு படம் வந்தது. வெயில் அடிக்கும் தோட்டத்தில் ஒரு பெண் நிற்கிறாளாம். எனக்கு வெறும் சாயத் திட்டுகள்தான் தெரிந்தன. வழியில் மழை பட்டுக் கலைந்துவிட்டதென்று பதறி, மேற்பார்வையாளரிடம் ஓடினேன்.

"சார், படம் நனைஞ்சு போச்சு! சத்தியமா நான் தொடவே இல்ல!"

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யோவ், அதை வரைஞ்சதே அப்படித்தான்யா. கிட்ட போனா குழம்பும். தள்ளி வந்து பாரு, பளிச்சுன்னு தெரியும்."

இப்போது எல்லாரும் என்னை 'நனைஞ்ச படம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அம்மாவுக்கு இதுவரை வாசித்துக் காட்டு, சிரிக்கட்டும். மீதி உனக்கு மட்டும்.

அடுத்த கடிதத்தைக் கொட்டை எழுத்தில் எழுதம்மா. நீயும் அம்மாவும் இருக்கிற போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்பு. இங்கே காவலாளிகளுக்குக் கண் பரிசோதனை வைக்கப் போகிறார்களாம். தேறாதவனை வேலையை விட்டு ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உன் படிப்பு முடியும்வரையாவது நான் தாக்குப்பிடிக்க வேண்டும்.

வேலைக்கு மணி அடிக்கிறது, முடித்துவிடுகிறேன். அன்று மேற்பார்வையாளர் என்னைத் தள்ளி நிற்க வைத்து, "இப்ப அந்தப் பொண்ணு தெரியுதா?" என்று கேட்டார். "ஜோராத் தெரியுது சார்" என்றேன்.

புதுக் கண்ணாடி போட்டு, அவ்வளவு தள்ளி நின்றும், தெரியவில்லையம்மா.