கிணற்று நீர் என்று சோதிக்கப்பட்ட டிரம் நீர்

அனுப்புநர்:
திருமதி சொர்ணம் கஜபதி,
(மறைந்த திரு. கஜபதியின் மனைவி)
மேனாம்பேடு, அம்பத்தூர், சென்னை.

பெறுநர்:
நீர்மாசுப் புகார் அலுவலர் அவர்கள்,
அம்பத்தூர்.

பொருள்: எங்கள் வளாகக் கிணற்றில் சாயக்கழிவு ஊறுவது – கிணற்று நீருக்குப் பதிலாக, சாயம் நீக்கிய நீர் சோதனைக்குச் சென்றுவிட்டது – மீண்டும் மாதிரி எடுக்கக் கோருவது – சம்பந்தமாக.

பார்வை: என் புகாரை முடித்துவைத்துத் தாங்கள் டிசம்பரில் அனுப்பிய கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கிணற்றில் எந்தப் பொடியையும் கொட்டியவள் அல்ல. எங்கள் தெரு நலச் சங்கச் செயலாளர் திரு. டில்லிபாபு அவ்வாறு பேசி வருகிறார். தங்கள் அலுவலகத்திலும் சொல்லியிருப்பதாக அறிகிறேன். “அந்தம்மா இன்னாத்தையோ கெணத்துல கொட்டி கலராக்கிட்டு, பட்டறைய மூடு, பட்டறைய மூடுன்னு மனு போட்டுகினு கீது” என்பது அவருடைய வாய்மொழி. பொடி ஒன்று இருந்தது உண்மை. அதன் நிறம் கருப்பு. அது போடப்பட்டது டிரம்மில். அதன் வேலை நீரிலிருந்து சாயத்தை எடுப்பது.

2. எங்கள் வளாகத்தில் நான்கு குடித்தனங்கள். குடிக்க கேன் தண்ணீர் வாங்குகிறோம். குளிக்கவும் துவைக்கவும் பாத்திரம் கழுவவும் இந்தக் கிணறுதான். பின்புறச் சுவரை ஒட்டிச் சாயப்பட்டறை வந்த பிறகு கிணற்று நீர் முதலில் ரோஜா நிறமாகவும், பின்னர் கத்திரிப்பூ நிறமாகவும் மாறியது. என் கணவர் காலமானதிலிருந்து நான் வெள்ளைப் புடவை மட்டுமே உடுத்துகிறேன். அது என் சொந்த முடிவு. இன்று என்னிடம் வெள்ளைப் புடவை ஒன்றுகூட இல்லை. “இன்னா ஆயா, கலர் பொடவைலாம் கட்டிகினு கீற” என்று திரு. டில்லிபாபு தெருவில் வைத்துக் கேட்டார். இங்கே குறிப்பிடுகிறேன், அவ்வளவே.

3. சென்ற ஆண்டு செல்வி மோகனப்பிரியா என்ற கல்லூரி ஆராய்ச்சி மாணவி எங்கள் கிணற்றடியில் ஒரு சோதனை நடத்த அனுமதி கேட்டார். கொடுத்தேன். இரும்பிலிருந்து செய்த மிக மிக நுண்ணிய துகள்கள். நானோ துகள் என்கிறார்கள்; மேலே சொன்ன கருப்புப் பொடி இதுதான். கிணற்று நீரை டிரம்மில் நிரப்பி அந்தத் துகள்களைக் கலந்தால் சாயம் அவற்றின்மேல் ஒட்டிக்கொள்ளும். பிறகு டிரம்மின் வெளிப்புறத்தில் பெரிய காந்தங்களை வைப்பார். துகள்கள் சாயத்தைச் சுமந்துகொண்டு அந்தப் பக்கம் போய் அப்பிக்கொள்ளும். குழாயைத் திறந்தால் நிறமற்ற நீர் வரும். நான் அருகில் நின்று பார்த்தேன். எனினும் சாயம் நீங்கியதால் மட்டும் அது குடிநீர் ஆகாது என்று அவர் டிரம்மிலேயே எழுதி ஒட்டியிருந்தார். அந்தப் பெண் ஒருபோதும் எதையும் மிகைப்படுத்திச் சொன்னதில்லை.

4. என் புகாரின் பேரில் தங்கள் ஊழியர் நவம்பரில் மாதிரி எடுக்க வந்தார். முன்னறிவிப்பு இல்லை. குடும்ப ஓய்வூதியத்துக்காக, நான் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வங்கிக்குச் சென்றிருந்தேன். வந்தவர் கிணற்றடிக்குப் போகவில்லை. வாசல் கேட் அருகே நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டே, பின்வீட்டில் குடியிருக்கும் திருமதி பஞ்சவர்ணத்திடம் பாட்டிலை நீட்டித் தண்ணீர் பிடித்துத் தரச் சொன்னார். அவர் பிடித்துக் கொடுத்தது டிரம் நீரை. “வூட்டுக்கு வந்த ஆபீசர் கைல சாயத்தண்ணியவா குடுக்கறது? நம்ம மானம் இன்னாத்துக்கு ஆவுறது? அதான் கொயாயத் தொறந்து நல்ல தண்ணியா ரொப்பிக் குட்த்தேன்” என்றார் என்னிடம். வந்தவர் எவராயினும் வீட்டில் இருப்பதிலேயே நல்ல நீரைக் கொடுப்பதுதான் எங்கள் வளாகத்தின் வழக்கம். அந்த நல்ல நீரை முத்திரையிட்டு, ‘திறந்த கிணறு’ என்று சீட்டு ஒட்டி எடுத்துப் போனார்.

5. ‘நிறம் இல்லை’ என்று அறிக்கை வந்தது. என் புகார் முடிக்கப்பட்டது. அதே அறிக்கையைக் காட்டிப் பட்டறைக்காரர் இரண்டாவது சாயத்தொட்டி கட்ட அனுமதி கேட்டிருக்கிறார். கல்லூரியும் சோதனையை நிறுத்திவிட்டது. காந்தங்களைத் திரும்ப எடுத்துப்போக வந்த மோகனப்பிரியா, “கலர் இல்லன்னு கவர்மென்ட் ரிப்போர்ட்டே வந்துடுச்சு, அங்க போய் நீ என்னத்த எடுக்கப் போறன்னு கேக்கறாங்க ஆன்ட்டி” என்றார். பஞ்சவர்ணம் நடந்ததை அவரிடமும் சொன்னார். அவர் அதைக் கல்லூரியில் எழுதிக் கொடுத்தும் பயனில்லை. சாயம் நீங்கிய நீரே சாயம் இல்லை என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. இதை யாரிடம் போய் விளக்குவது என்று எனக்கு விளங்கவில்லை.

6. இன்னொன்று. சாயம் ஏறிய துகள்கள் ஒரு மூடிய வாளியில் என் சமையலறைக்குப் பின்னால் இருக்கின்றன. ஆய்வகத்தில் கழுவிச் சாயத்தைப் பிரித்தால் துகள்களை மறுபடி பயன்படுத்தலாம். மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். மாசு இல்லாத கிணற்றிலிருந்து வந்த கழிவைப் பெற்றுக்கொள்ள இப்போது எவரும் தயாராக இல்லை. என் காலத்துக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வருபவர் அது இன்னதென்று அறியாமல் கிணற்றடியிலேயே கவிழ்த்துவிடக்கூடும்.

7. இம்மனுவுடன் நீர் பாட்டில் எதுவும் இணைக்கவில்லை. என் கையால் நிரப்பிய பாட்டிலைத் தாங்கள் நம்ப வேண்டியதில்லை. வாளியும் கயிறும் கிணற்றடியில் இருக்கின்றன. தங்கள் ஊழியர் தம் கையாலேயே இறைத்து எடுக்கட்டும். முத்திரையிடும் வரை நான் உடன் நிற்க அனுமதித்தால் போதும். அந்த முடிவு வரும் வரை இரண்டாவது தொட்டிக்கு அனுமதி வழங்க வேண்டாம். வாளியில் உள்ளதை முறைப்படி எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். திருமதி பஞ்சவர்ணம் நடந்ததைத் தங்கள் முன் நேரில் சொல்லச் சம்மதித்திருக்கிறார். அவர்மீது எந்த நடவடிக்கையும் கூடாது. தன்னால்தான் கிணறு போயிற்று என்று எண்ணி, அவர் இப்போது எங்களுக்கும் சேர்த்துத் தெருமுனைக் குழாயில் வரிசையில் நின்று தண்ணீர் கொண்டுவருகிறார்.

8. எனக்கு வயது எழுபத்தெட்டு. இரண்டு முறை நேரில் வந்தேன். கோப்பு முடிந்துவிட்டது என்றார்கள். இம்மனுவால் ஏதும் நடக்கும் என்ற நம்பிக்கையில் எழுதவில்லை. எழுதாமல் விட்டால் எங்கள் கிணற்றைப் பற்றி அரசிடம் இருக்கப்போவது உண்மையல்லாத அந்த ஒரே தாள்தான். அதன் பக்கத்தில் இதையும் வைக்க வேண்டுகிறேன்.

தங்கள் முடிவு மறுப்பாகவே இருந்தாலும், அதை எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மேனாம்பேடு
நாள்: 17.02.2025

கையொப்பம்,
சொர்ணம் கஜபதி