தேய்த்தும் போகாத தொந்தி

லண்டன், செவ்வாய்

என் தபித்தாவுக்கு,

உன் அப்பாவின் தொந்தியைப் படம் அச்சடிக்கும் செப்புத் தகட்டிலிருந்து சுரண்டி எடுத்துவிட்டேன். மந்திரியைக் கேலி செய்யும் படத்துக்குக் குண்டு உடம்பு ஒன்று தேவைப்பட்டது. தன் ரொட்டிக்கடையில் நின்ற அவரைப் பார்த்து வரைந்தேன். தலை மந்திரியுடையது, யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அவர் மேற்சட்டையில் நீ தைத்த ஒட்டுத்துணியையும் அப்படியே வரைந்ததுதான் தப்பு. படம் எங்கள் அச்சுக்கடைச் சன்னலில் தொங்கிய அன்றே அவரைப் பார்த்துத் தெரு கத்தியது: "மந்திரி வர்றாரு, வழி விடுங்கப்பா!" அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "நான் அவ்வளவு பெருசாவா இருக்கேன், மாப்ள?" அதன்பிறகு தான் சுட்ட ரொட்டியையே அவர் தொடவில்லை.

நேற்று அதே தகட்டில் ஓர் ஒல்லித் தையல்காரனை வரைந்து அச்செடுத்தேன். அவனைச் சுற்றி மங்கலாக அந்தத் தொந்தி நிற்கிறது, ஒட்டுத்துணியோடு. "இன்னும் அழுத்தித் தேய்க்கணும்ப்பா" என்கிறார் முதலாளி. மூன்று முறை தேய்த்துவிட்டேன்.

உன்னைத் திரும்பி வரச் சொல்லி இதை எழுதவில்லை. அவருடைய சவப்பெட்டியின் ஒரு முனையை நானும் தூக்கினேன் அல்லவா? முன்னால் தூக்கியவர் திரும்பி, "என்னய்யா, பெட்டி காலியா?" என்று கேட்டார். அது உன் காதில் விழுந்ததா என்று மட்டும் எழுது.

உன் கணவன்