உப்பு ரோட்டில் யார் முந்துவார்

1973 பிப்ரவரி 12, திங்கள்

விடியக் கடும் பனி. சைக்கிள் சீட்டைத் துடைத்துவிட்டுத்தான் ஏற முடிந்தது. வலது முழங்கால் இன்றும் சரியாக மடங்கவில்லை. குழாயில் தண்ணீர் இல்லை. மனைவி பார்வதி அடுத்த தெருவுக்குக் குடத்தோடு போய்விட்டு வெறுங்குடத்தோடு திரும்பினாள்.

அனுப்பிய செய்திகள்: கோதுமைக் கப்பல் ஒன்று வெளியே நங்கூரம் போட்டு நிற்பது. உப்பளங்களில் உப்பு வாருதல் தொடங்கியது. இவ்வாண்டும் முத்துக்குளிப்பு இல்லை. கடைசிச் செய்திக்குப் போன வருஷத்து வாக்கியமே போதுமானதாக இருந்தது.

மாலை மதுரையிலிருந்து ட்ரங்க்கால். செய்தி ஆசிரியர். வரும் ஞாயிறு புதுத் துறைமுக ரோட்டில் மோட்டார் சைக்கிள் பந்தயம் அல்லவா, அதைப் பற்றி. நடந்ததும் அனுப்புகிறேன் என்றேன்.

"நடந்ததுக்கப்புறம் எல்லாப் பேப்பர்லயும் வரும். யார் ஜெயிப்பாங்கன்னு சனிக்கிழமை நம்ம பேப்பர்ல வரணும்."

"நடக்காததை எப்படிங்க எழுதுறது?"

"கிரிக்கெட்டுக்கு எழுதுறாங்களே. நீங்க போய்ப் பாருங்க, பார்த்துட்டுச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா."

போனை வைத்துவிட்டார். இத்தனை வருஷ வேலையில் நாளைய செய்தியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. தூக்கம் வருகிறது.

பிப்ரவரி 14, புதன்

வெயில் நல்ல காட்டம். மாலை ரோட்டுக்குப் போனேன். லாரிகள் நின்றபிறகு பையன்கள் ஓட்டிப் பழகுகிறார்கள். நகரத்துப் பாலத்தடியில் கிளம்பி, இரு பக்கமும் உப்பளம், துறைமுக வாசல் அருகில் நடுரோட்டில் ஒரு தார் டிரம். அதைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். இந்தப் பக்கமும் ஒரு டிரம். ஐந்து சுற்று.

பெயர் கொடுத்தவர்கள் ஏழு பேர். பார்க்கத் தக்கவர்கள் இருவர்.

சங்கரன். உப்பள முதலாளி மகன். புது வண்டி, முந்நூற்றைம்பது சி.சி. நேர் ரோட்டில் அவனைப் பிடிக்க ஆள் இல்லை. டிரம் வந்ததும் வண்டி அவன் பேச்சைக் கேட்பதில்லை. அகலமாகச் சுற்றுகிறான்.

சில்வெஸ்டர். லாஞ்சுப் படகு இஞ்சின் பட்டறையில் மெக்கானிக். இருபத்தேழு வயது. மூன்று பழைய வண்டிகளைப் பிரித்து ஒன்றாகக் கட்டியிருக்கிறான். வேகம் குறைவு. ஆனால் டிரம்மை உரசுகிற மாதிரி சாய்ந்து திரும்புகிறான்.

மற்றவர்களில் திருச்செந்தூரில் லாட்ஜ் நடத்தும் ஒருவர் உண்டு. நாற்பத்தைந்து இருக்கும், தொந்தி, நெற்றி நிறைய விபூதி. பழைய வண்டியில் பஜாருக்குப் போவதுபோல் போகிறார். பையன்கள் கூவினார்கள்: "அண்ணாச்சி, ரூம் காலியா இருக்கா?" அவர் கையை ஆட்டினார்.

பந்தயத்தைத் தபசு காலத்துக்கு முன் முடித்துவிட வேண்டும் என்பதால்தான் இந்த அவசரம். இல்லாவிட்டால் மாதா கோயில் தெரு ஆட்கள் ஈஸ்டர் வரை வரமாட்டார்கள்.

பிப்ரவரி 15, வியாழன்

மேகம். மழை இல்லை. ஷேவிங் பிளேடு வாங்க மறந்தேன்.

சில்வெஸ்டர் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான். கையில் கிரீஸ், கழுத்தில் மாதா சுரூபம்.

"அண்ணாச்சி, நீங்க எழுதப் போறீயளாமே?"

"யாருலே சொன்னா?"

"ஊரே சொல்லுது. என் பேர எழுதுங்கன்னு கேக்க வரல. மதுரைல இருந்து மோட்டார் கடை முதலாளி வாராரு. ஜெயிக்கிறவன கம்பெனி வண்டி குடுத்துச் சோழவரம் ரேசுக்குக் கூட்டிட்டுப் போறாராம். அங்கனயே பட்டறைல வேலையும் இருக்காம். அது நெசமான்னு கேட்டுச் சொல்லுங்க."

நிஜம்தான், நேற்றே விசாரித்துவிட்டேன் என்றேன்.

"இல்லன்னா மாமாவோட சரக்குத் தோணிதான். இஞ்சின் வைக்கப் போறாரு, ஆள் வேணுமாம். அம்மா சரின்னு சொல்லிட்டா. தோணில ஏறிட்டா பொறவு எறங்க விடமாட்டாவ, அண்ணாச்சி. எங்கப்பா அப்படித்தான் ஏறுனாரு. அறுபது வயசுல எறங்குனாரு."

டீக்கு அவனே காசு கொடுத்துவிட்டான். தடுத்தேன், கேட்கவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

இன்று பந்தயச் செய்தி அனுப்பியாயிற்று. நான்கு முறை எழுதி நான்கு முறை கிழித்தேன். கடைசியில் வெறும் கணக்கு. ஐந்து சுற்றில் டிரம்மில் திரும்புவது ஒன்பது முறை. நேர் ரோட்டில் சங்கரன் சேர்க்கிற தூரத்தை ஒவ்வொரு டிரம்மிலும் சில்வெஸ்டர் திரும்ப வாங்குகிறான், கொஞ்சம் கூடுதலாகவும். ஆகவே காய்ந்த ரோட்டில், இயந்திரக் கோளாறு நேராவிட்டால், சில்வெஸ்டர்.

அச்சில் "காய்ந்த ரோட்டில்" நிற்குமா, தெரியாது. இடம் போதாவிட்டால் முதலில் போவது இப்படிப்பட்ட சொற்கள்தான்.

முழங்காலுக்கு வேப்பெண்ணெய்.

பிப்ரவரி 17, சனி

வெட்டிவிட்டார்கள். தலைப்பு: "வெற்றி சில்வெஸ்டருக்கே!" அந்த ஆச்சரியக்குறி என்னுடையது அல்ல.

டீக்கடையில் இன்று எனக்கு மரியாதை. "அண்ணாச்சி கணக்குப் போட்டா தப்பாதுலே" என்றான் கடைக்காரன். வெயிலோடு சேர்ந்து தலைவலி.

மாலை நான்கு மணி வாக்கில் ரோட்டுக்குப் போனேன். பந்தல் போட்டிருக்கிறார்கள், காகிதக் கொடி, நாற்காலி. இரண்டு டாங்கர் லாரிகள் ரோடு முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டு போகின்றன. திருநெல்வேலியிலிருந்து வரும் பெரிய அதிகாரி மேல் தூசி படக் கூடாதாம். வாசல் தெளிக்காமல் விருந்தாளியைக் கூப்பிடுவார்களா, அது மாதிரி.

ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது இது எங்கிருந்து என்று பந்தயக் கமிட்டிச் செயலாளர் ராஜாமணியைக் கேட்டேன். கப்பல் ஏஜெண்ட். நல்ல மனிதர், ஓடி ஓடி வேலை செய்கிறார்.

"நல்ல தண்ணிக்கு எங்க போவ, அண்ணாச்சி? அளத்து வாய்க்கால்லதான் மோந்தோம்."

"அது கடல் தண்ணியவிடக் கரிப்புல்லா?"

"ரோட்டையா குடிக்கப் போறோம்?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. பார்க்க அழகுதான். ஒருவர் "மாக்கோலம் போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

விடியப் பனி இறங்கினால் உப்பு கசியும், ரோடு எண்ணெய் தேய்த்ததுபோல் ஆகிவிடும், உப்பு லாரி சிந்தின இடத்தில் நானே காலையில் சைக்கிளோடு இரண்டு தடவை விழுந்திருக்கிறேன் என்றேன். காலை ஏழு மணிப் பந்தயத்தை ஒன்பதுக்குத் தள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

"ஒம்பதுக்கு அதிகாரி கெளம்பிருவாரு. கோயில்ல பூசை முடிஞ்ச ஒடனே ஆரம்பிச்சாத்தான் உண்டு. ஒண்ணும் ஆவாது, அண்ணாச்சி. நம்ம ஊரு உப்பு நம்மளக் கவுத்துருமா?"

ஓட்டுகிறவர்களிடம் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். மற்ற ஐந்து பேரும் அகப்படவில்லை. அவர்களுக்கு ராஜாமணியிடமே சொல்லிவைத்தேன்.

சங்கரன் அப்பாவின் உப்புக் கிட்டங்கியில் இருந்தான், நண்பர்களோடு. உப்பு மூட்டைமேல் இன்றைய பேப்பர். சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"அண்ணாச்சி, ஜெயிக்கப் போறது அவன்னு காலைல எழுதிட்டீய. சாயங்காலம் வந்து என்னையப் பையப் போகச் சொல்லுதீய."

"ஏலே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"நான் உப்புக்காரன் மவன். எனக்கே உப்பப் பத்திச் சொல்லுதீயளே!"

பின்னாலிருந்து ஒருவன்: "எழுதினது பொய்யாயிரப்படாதுல்லா அண்ணாச்சிக்கு!"

பெரிய சிரிப்பு. சங்கரன் எழுந்து வந்து வாசல்வரை விட்டான், மரியாதையாகவே. அவன் அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நேற்று வந்து சொல்லியிருந்தால் சங்கரன் நம்பியிருப்பான். நேற்று நான் வெறும் நிருபர். இன்று சில்வெஸ்டர் கட்சி.

சில்வெஸ்டர் வீட்டு வாசலில் செயின் துடைத்துக்கொண்டிருந்தான். சொல்லி முடிப்பதற்குள் தலையை ஆட்டினான்.

"தெரியும், அண்ணாச்சி. தோணி மேல்தட்டு காலைல அப்படித்தான் கெடக்கும். கால வச்சா வழுக்கும். அப்ப டிரம்முல சாயப்படாது."

"சாயாதே."

"சரி."

அவன் அம்மா உள்ளேயிருந்து, "காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

பனி. தென்னை ஓலையில் சொட்டு விழுந்தது.

ரோடு கறுப்பாகப் பளபளத்தது. வெள்ளைப் பூ ஒன்றுகூட இல்லை. பந்தலில் அதிகாரி சட்டையில் தூசி படாமல் உட்கார்ந்தார். "தூசியே இல்லையே" என்று ராஜாமணியைப் பாராட்டினார்.

முதல் சுற்று. சங்கரன் முன்னால், வெகு முன்னால். நான் தூரத்து டிரம்மண்டை நின்றேன். அவன் பிரேக் பிடித்தது தெரிந்தது. பிறகு வண்டி ஒரு திசையில் போயிற்று, அவன் வேறு திசையில் போனான். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அளத்துக் கரையில் மோதி நின்றான். இடுப்புக்குக் கீழே கால் கோணலாகக் கிடந்தது. "அம்மா" என்று ஒரே ஒரு தடவை கத்தினான். ஜீப் வரும்வரை அவன் தலை என் மடியில் இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டான். பிறகு ஜீப்பில் ஏற்றினோம்.

பந்தயம் நிற்கவில்லை. பந்தலில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியவே நேரமாயிற்று.

சில்வெஸ்டர் ஒவ்வொரு டிரம்மிலும் நடக்கிற வேகத்துக்கு வந்து, நிமிர்ந்தபடியே திரும்பினான். மூன்றாம் சுற்றில் வெயில் ஏறி, ரோடு காயத் தொடங்கியது. நான்காவதில் நன்றாகவே காய்ந்துவிட்டது. நான் ஜீப்பை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து கையால் தொட்டுப் பார்த்தேன். அவனுக்கு அது தெரியவில்லை. அல்லது நம்பவில்லை. கடைசிவரை சாயவில்லை. காய்ந்தபின் சாயலாம் என்று நான் சொல்லவில்லை.

முதல்: திருச்செந்தூர் லாட்ஜ்காரர். முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒரே வேகம். இரண்டாவது: சாத்தான்குளம் பையன் ஒருவன். மூன்றாவது: சில்வெஸ்டர்.

லாட்ஜ்காரர் கோப்பையை வாங்கிக்கொண்டு, மதுரை முதலாளி சோழவரம் என்றதும், "மாசித் திருவிழா வருது, ரூமெல்லாம் புக்காயிட்டு" என்று சொல்லிவிட்டார். முதலாளி சாத்தான்குளத்துப் பையன் தோளில் கைபோட்டு அழைத்துப் போனார்.

செய்தி அனுப்பினேன். ரோட்டில் உப்புத் தண்ணீர் தெளித்ததையும் எழுதினேன். மாலை ஆஸ்பத்திரி. தொடை எலும்பு முறிவு, உயிருக்கு ஆபத்தில்லை. சங்கரனின் அப்பா வராந்தாவில் என்னைப் பார்த்து, "சொன்னீய. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

பிப்ரவரி 19, திங்கள்

குழாயில் தண்ணீர் வந்தது. பார்வதிக்கு நல்ல நாள்.

பேப்பரில் பந்தயம் பத்து வரி. உப்புத் தண்ணீர் இல்லை. ட்ரங்க்கால் வரவில்லை, ஜோசியம் பொய்த்ததில் அவர்களுக்கும் கூச்சம் இருக்கும். டீக்கடைக்குப் போகவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

வாடைக் காற்று. கோதுமைக் கப்பல் உள்ளே வந்துவிட்டது.

காலை சில்வெஸ்டர் வீட்டுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, தலை வாரியிருந்தான். கோபமாக வருவான் என்று இரண்டு நாளாக எதிர்பார்த்திருந்தேன். கோபம் இல்லை. பார்வதி காப்பி கொடுத்தாள். சூடு ஆறட்டும் என்று கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"வண்டியப் பிரிச்சிட்டேன், அண்ணாச்சி. நாளைக்கு மாமாவோட போய் இஞ்சின் பாக்கணும்."

"ம்."

"ஒண்ணு கேக்கணும். நீங்க டிரம்முகிட்டயே நின்னீய. பாத்தீய. நீங்க வந்து சொல்லலன்னா, நான் எப்பவும் போல சாஞ்சிருந்தா, நானும் விழுந்திருப்பனா?"

சங்கரன் வேகம் வேறு, இவன் வேகம் வேறு. சங்கரன் டயர் புதியது, இவனுடையது தேய்ந்தது. இவன் சாய்கிற விதமும் வேறு. முதல் சுற்றில் விழுந்திருக்கலாம். விழாமல் தப்பித்து, நான்காவதில் எல்லாரையும் தாண்டிப் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

"விழுந்திருப்பே" என்றேன்.

"நிச்சயமாவா?"

"நிச்சயமா. மொத டிரம்முலயே."

"அப்பச் சரி" என்றான். காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்துப் போனான்.