ஐஸை வெட்டிவிட்டு அளந்த கண்கள்

அடியே என் ஈஸ்வரி,

முதலில் ஒரு சண்டை. நீ போய் ஒரு வருஷம் ஆனதற்கு பஸ் திருப்பத்தில் உனக்கு அஞ்சலி ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். உன் தம்பியின் ஏற்பாடு. அவன் மனசு நல்ல மனசு. ஆனால் மீஞ்சூரில் அதை அடித்துக் கொடுத்தவன் படத்திலிருந்து உன்னை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் இருந்த நம் பழவேற்காடு ஏரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, எங்கேயோ இருக்கிற ஓர் அருவியை வைத்திருக்கிறான். நீ அருவியைக் கண்ணால் பார்த்திருக்கிறாயா? நீ தூரமாகப் போன ஒரே இடம் ஆஸ்பத்திரி. அதுவும் சிப்பி கிழித்த கால் புரையோடி, ஜுரம் தலைக்கேறிய பிறகு.

சரி, அதை விடு. இன்னொரு வெட்டு நடந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உனக்கு எழுதினாலும் ஊரே படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இறால், நண்டு, மீன்குஞ்சு என்று சின்ன உயிர்களின் கண்களைப் படமெடுத்து கம்ப்யூட்டரில் அளக்கும் வேலை. முதன்முதலில் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "இறாலுக்குக் கண்ணாடி மாட்டப் போறியாடி? அதுக்குக் காதே கெடையாதே, எங்க மாட்டுவ?" என்றாய். அதற்குப் பிறகு கரையில் எல்லோருக்கும் நான் கண்ணாடிக்கடைக்காரி ஆகிவிட்டேன்.

நீ சிரித்த சிரிப்பில் அன்றைக்கு விளக்கமாகச் சொல்ல முடியவில்லை. இப்போது கேள். படத்திலிருந்து கம்ப்யூட்டர் கண்ணை மட்டும் தனியாக வெட்டி எடுக்கும். கண்ணை வெள்ளையாக்கி மற்றதெல்லாம் கறுப்பாக்கிவிடும். அந்த வெள்ளைப் பொட்டு எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், உருண்டையா சப்பையா என்று எண்ணாகக் கொடுக்கும். தண்ணீர் கெட்டால் கண்ணின் வடிவம் மாறுகிறதா என்று பார்க்கத்தான் இத்தனை பாடு. நல்ல வேலைதான் ஈஸ்வரி, இப்போதும் சொல்கிறேன். என் கோபம் வேலை மேல் இல்லை.

நீ போன பிறகு நான் லீவு போட்டு வீட்டிலேயே கிடந்தேன். திரும்பிப் போவதற்குள் எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஓர் அறிக்கை வெளியாகியிருந்தது. வேறொரு முகத்துவாரத்து இறாலோடு நம் ஏரி இறாலை ஒப்பிட்டார்களாம். அந்த ஊர் இறாலின் கண் உருண்டை, நம் ஏரி இறாலின் கண் சப்பை, ஆகவே நம் தண்ணீர் கெட்டுவிட்டது என்று எழுதியிருந்தார்கள். அதைச் சில மாதம் கழித்து யாரோ வாட்ஸப்பில் போட, அடுத்தடுத்து அனுப்பியவர்கள் தங்கள் பங்குக்கு, சப்பைக்கண் இறால் தின்றால் மனுஷனுக்கும் பார்வை போகும் என்று சேர்த்துவிட்டார்கள்.

உங்கம்மா இன்னும் ஏரியில் இறங்குகிறாள். இரண்டு கையும் சேற்றைத் தடவிக்கொண்டிருக்க, பிடித்ததைப் போடும் ஓலைப்பரியை உன்னைப் போலவே பல்லில் கடித்துக்கொண்டு பொழுது முழுக்கத் தண்ணீரில் குந்தியிருக்கிறாள். போன மாதம் அவளோடு நானும் திருப்பாலைவனம் போனேன். பஸ் நிற்கும் இடத்தில் கூறு கட்டி வைத்ததும் ஒரு அம்மா வந்து குனிந்தாள்.

"இன்னாமா, ஏரி இறாலா? கண்ணு சப்பையா கீதாமே. எங்க, ஒண்ணு ஒண்ணா காட்டு பாக்கலாம்."

"கண்ணெல்லாம் உருண்டையாத்தான் கீது. நீ இன்னா, இறால் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றாள் உங்கம்மா.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருத்தர் கூட வாங்கவில்லை. பரி போன மாதிரியே மடியில் உட்கார்ந்து பஸ்ஸில் திரும்பி வந்தது. அன்றைக்கும் மறுநாளும் வீட்டில் இறால் குழம்புதான். இறால் தின்று சலித்துப்போன ஏழைவீடு ஊரில் இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டிலும் அதே வாசனை. கையால் பிடிக்கிற எல்லா வீட்டிலும் அதே வாசனை.

ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் அந்த அறிக்கைக்கு எடுத்த படங்களைத் தேடினேன். எல்லோரும் பார்த்தது வெட்டிய கண்களை. நான் வெட்டாத முழுப் படங்களைத் திறந்தேன். அந்த ஊர் இறால் தட்டில், தண்ணீரில், உயிரோடு மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. நம் இறாலைச் சுற்றி என்ன இருந்தது தெரியுமா? ஐஸ் தூள். ஓரமெல்லாம் பளபளவென்று ஐஸ். நம் ஏரிக்கு வர யாருக்கும் நேரமில்லை. வியாபாரியின் பெட்டியிலிருந்து அள்ளிவரச் சொல்லி, மேஜையில் கொட்டிப் படமெடுத்திருக்கிறார்கள். செத்து, ஐஸில் நாள்கணக்கில் கிடந்த இறாலின் கண் வற்றிச் சப்பையாகாமல் வேறென்ன ஆகும்? கம்ப்யூட்டர் கண்ணை மட்டும் வெட்டிக்கொண்டு ஐஸை விட்டுவிட்டது. அதைப் பார்த்த ஆட்களுக்குமா கண் இல்லை?

சும்மா கத்தினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தேன். உங்கம்மா பிடித்து வந்ததை வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, உயிரோடு படமெடுத்தேன். பிறகு அதே இறாலை ஐஸ் பெட்டியில் போட்டேன். அவளுக்கு வந்ததே கோபம்!

"நல்ல இறாலக் கெடுத்துதான் அது நல்ல இறாலுனு காட்டணுமா? இன்னா படிப்புடி இது?"

"இல்ல அத்த, அவங்களுக்கு அப்பிடிக் காட்டுனாத்தான் புரியும்."

"அவங்களுக்குப் புரியறதுக்கு என் இறாலா கெடச்சிது? அவங்களக் கொஞ்ச நேரம் ஐஸ்ல படுக்கச் சொல்லு, கண்ணு இன்னா ஆவுதுனு தெரியும்."

அதே மாதிரி நாள்கணக்கில் ஐஸில் கிடந்ததை எடுத்து, மறுபடி படம் பிடித்து, இரண்டையும் அளந்தேன். உயிரோடு இருந்தபோது அந்த ஊர் இறாலின் கண் எவ்வளவு உருண்டையோ, நம்முடையதும் அவ்வளவு உருண்டை. ஐஸில் கிடந்த பிறகு அறிக்கையில் போட்டது போலவே சப்பை. இறால் ஒன்று, கண் ஒன்று, நடுவில் வந்தது ஐஸ் பெட்டி மட்டும்தான்.

இரண்டு படங்களையும் எங்கள் துறைத் தலைவர் மேஜையில் வைத்தேன். நிதானமாகப் பார்த்தார். "அளவுல தப்பு இல்லையேம்மா" என்றார். அளவில் தப்பு என்று நான் எங்கே சொன்னேன்? எதை அளந்தார்கள் என்பதில்தானே தப்பு? அதைச் சொன்னதும், "நீ அந்த ஏரிக்கரைப் பொண்ணு, உனக்கு அப்படித்தான் தோணும்" என்றார்.

ஈஸ்வரி, ஏரிக்கரைப் பெண் என்றால் என் கண் என்ன கோணலா? ஐஸைப் பார்க்காத அவர்கள் கண் நேராம், பார்த்த என் கண் கோணலாம். அடுத்த அறிக்கையில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த அறிக்கை எப்போது வரும், அதுவரை இவர்கள் எல்லோரும் எதைத் தின்பார்கள்? வெளியில் பேசினால் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது கஷ்டம் என்பதையும், தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி, மெதுவாகச் சொல்லி அனுப்பினார்.

நம் ஏரி பன்னீர் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் கெட்டிருக்கலாம். வந்து அளக்கட்டும். நிஜமாகவே கண் மாறியிருந்தால் முதலில் கத்துகிறவள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் வராமலே, பார்க்காமலே, நம் பெண்கள் பிடித்த இறால் மேல் பழி போட இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

தண்ணீரில் இருக்கும்போது உன்னால் பேச முடியாது. நாங்கள் கரையில் நின்று என்ன கேலி செய்தாலும், வாயில் பரியோடு முறைத்துக்கொண்டே இருப்பாய். கரையேறிப் பரியை இறக்கி வைத்ததும், சேர்த்து வைத்து வட்டியோடு கொடுப்பாய் பார், அதற்குப் பயந்தே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். அந்த வாய் இன்றைக்கு எனக்கு வேண்டியிருக்கிறது.

வருகிற ஞாயிறு பழவேற்காட்டில் கூட்டம். மீன்பிடிக்கிறவர்களோடு அதிகாரிகளும் வருகிறார்கள். எங்கள் தலைவரும் வருகிறார். உங்கம்மாவும் மற்ற பெண்களும் முன்வரிசையில் உட்காரப் போகிறார்கள். நான் முழுப் படங்களைப் பெரிதாக அடித்துக் கொண்டுபோகிறேன். ஐஸோடு, தட்டோடு, ஓரத்தில் தெரிகிற உங்கம்மாவின் சேற்றுக்கையோடு.

பயமாக இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. இந்த வேலை எனக்குப் பிடிக்கும், போனால் அழுவேன். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை பேர் முன்னாலும் எழுந்து, என் பெயரையும் ஊரையும் சொல்லி, நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். என் வாயில் பரி இல்லை.

இன்று காலை பஸ்ஸுக்கு நின்றபோது உன் ஃபிளெக்ஸை மறுபடி பார்த்தேன். ஏரியை வெட்டினான், கரையை வெட்டினான், பக்கத்தில் நின்ற என்னையும் வெட்டினான். ஆனால் ஒன்றை விட்டுவிட்டான். உன் இடது தோளில் நான்கு விரல் அப்படியே இருக்கிறது. அது யார் விரல் என்று அங்கே நின்ற ஒருத்தருக்கும் தெரியவில்லை.

உன் தோளிலிருந்து இன்னும் கையை எடுக்காத
உன் கண்ணாடிக்கடைக்காரி,
சுகுணா